மிக்கேல் சம்மனசுக்கு ஒரு பாத்தி: மூன்று வருடக் கணக்கு

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண் மொத்தமே நாலு மீட்டருக்கு மூன்று மீட்டர்தான். இங்கிலாந்தில் இதையும் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள். அதில் வேலியோரப் பாத்தியை மிக்கேல் சம்மனசுக்கு, அதாவது மிக்கேல் என்ற வானதூதருக்கு, என்று ஒதுக்கினேன். செப்டம்பர் 29 அவர் திருநாள். அன்றைக்கு அவர் பெயரைத் தாங்கிய செடி அங்கே பூத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

எங்கள் ஊர்க் கோயில் சுரூபத்தில் அவருக்கு ஒரு கையில் வாள், மறு கையில் தராசு, காலடியில் பசாசு. சின்ன வயதில் வாளை மட்டும்தான் பார்ப்போம். பைபிளில் திருவெளிப்பாடு 12ஆம் அதிகாரத்தில் அரக்கப் பாம்போடு போரிடும் தளபதி அவர். தானியேல் ஆகமத்தில் மக்களைக் காக்கும் தலைவர். தராசு வேறு கதை. செத்தவர்களின் ஆன்மாவை நிறுப்பவர், கூட்டிப்போகிறவர். பழைய லத்தீன் இறந்தோர் பூசையில், ஆன்மாக்களைப் பரிசுத்த ஒளிக்குள் மிக்கேல் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும் என்று ஒரு வரி வரும். என் அம்மா போன பிறகுதான் அந்தத் தராசை நான் கவனித்தேன். பாத்தி போடத் தோன்றியதும் அப்போதுதான்.

இரண்டு செடிகள். ஒன்று மிக்கல்மஸ் டெய்சி. மிக்கல்மஸ் என்றால் மிக்கேல் திருநாள். இன்னொன்று ஆஞ்செலிகா. நம் கொத்தமல்லி, சோம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. கொள்ளைநோய்க்கு மருந்தாக இதை ஒரு சம்மனசு கனவில் காட்டியதாகக் கதை. சிலர் மிக்கேல் என்கிறார்கள், சிலர் கபிரியேல் என்கிறார்கள். இத்தாலியில் கார்கானோ மலைக் குகையில் மிக்கேல் தோன்றியதை நினைக்கும் மே 8 அன்று பூக்கும் என்றும் சொல்வார்கள். சரி, எனக்கு மிக்கேல் என்றே இருக்கட்டும்.

முதல் வருடம், மார்ச்: பாக்கெட் விதை வாங்கி, அரை அங்குல ஆழத்தில் புதைத்து, தினமும் தண்ணீர் தெளித்தேன். ஜூன் வரை ஒரு முளைகூட இல்லை. பிறகுதான் தெரிந்தது, ஆஞ்செலிகா விதை சீக்கிரம் உயிரை விட்டுவிடும், முளைக்க வெளிச்சமும் குளிரும் வேண்டும். நான் கொடுத்தது பழைய விதையும் இருட்டும். ஆகஸ்டில் அடுத்த தெருவில் காய்த்து நின்ற செடியிலிருந்து கேட்டு வாங்கி, மண்மேல் தூவி மூடாமல், பனியில் கிடக்கட்டும் என்று தொட்டியை வெளியிலேயே விட்டேன். மார்ச்சில் பதினோரு முளை. நத்தைகள் எட்டைத் தின்றன.

அந்த இடைவெளியில் தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வாலுக்குப் போய், மிக்கேல் பெயரில் கோட்டையோடு நிற்கும் செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் என்ற குன்றைப் பார்த்தேன். மராசயான் கரையிலிருந்து கடல் வற்றும் நேரத்தில் கல் பாதையில் நடந்தே போய்விடலாம். 495இல் மீனவர்களுக்கு மிக்கேல் அங்கே காட்சி தந்தார் என்பது ஐதிகம். பிரான்சின் மோன் சான் மிஷேல் மடத்துத் துறவிகள் அங்கே கிளை வைத்திருந்தார்கள். காவல்காரருக்கு உயரமான பாறைதான் பிடிக்கும்போல, இரண்டும் கடலுக்குள் நிற்கும் குன்றுகள். தோட்டம் போட இதைவிட மோசமான இடம் கிடைக்காது என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் கோட்டைக்குக் கீழே செங்குத்துச் சரிவில் படிப்படியாகக் கற்றாழை வகைகள். கருங்கல் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் விடுகிறது. கடலும் கடும்பனியை அண்ட விடுவதில்லை. களை எடுக்கத் தோட்டக்காரர்கள் கயிற்றில் தொங்கியபடி இறங்குகிறார்கள். வீடு திரும்பியதும் வேலியடியில் பத்துப் பதினைந்து கருங்கல்லை அடுக்கினேன். சூடு ஏறியதோ இல்லையோ, நத்தைகளுக்கு நல்ல குடியிருப்பு ஆனது.

இரண்டாம் வருடம்: ஆஞ்செலிகா இலை மட்டும்தான். டெய்சியில் நான் வாங்கியது நியூயார்க் வகை. ஜூலையிலேயே இலையெல்லாம் சாம்பல் நோய். செப்டம்பர் 29 அன்று பூ என்று சொல்ல நாலைந்து வதங்கல்கள். அந்த அக்டோபரில் மால்வெர்ன் மலையடிவாரத்தில் கோல்வால் ஊரிலுள்ள பிக்டன் தோட்டத்துக்குப் போனேன். எர்னஸ்ட் பல்லார்ட் என்பவர் 1906இல் தொடங்கிய நர்சரி அது, வாழ்நாள் முழுக்க இந்தப் பூவிலேயே புது ரகங்கள் எடுத்தவர். மற்ற தோட்டங்கள் காய்ந்து நிற்கும் மாதத்தில் அங்கே கத்தரிப்பூ நிறத்திலிருந்து ரோஜா நிறம் வரை ஒரே கூட்டம். ஒவ்வொரு பூவின் நடுவிலும் மஞ்சள் பொட்டு. சாம்பல் நோய் அதிகம் அண்டாத நியூ இங்கிலாந்து வகையைத் தேர்ந்தெடுத்து மூன்று செடி வாங்கி வந்தேன்.

மூன்றாம் வருடம், மே: ஆஞ்செலிகா என்னைவிட உயரமாகிவிட்டது. மே 8 அன்று மொட்டுக்கூட விரியவில்லை. 26ஆம் தேதிதான் பச்சை வெள்ளையாகக் குடை குடையாகப் பூத்தது. சர்க்கரைப் பாகில் ஊறப்போட நல்ல வெயிலில் கையுறை இல்லாமல் தண்டை வெட்டினேன். அதன் பால் பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் தோல் வெந்துவிடும் என்பது மணிக்கட்டில் கொப்புளம் வந்த பிறகு தெரிந்தது. மருந்துச் செடியாம். பாகில் ஊறிய தண்டு மட்டும் பிரமாதம்.

அதே வாரம் டெய்சியைப் பாதி உயரத்துக்கு வெட்டினேன். செடி அடர்ந்து, சாயாமல் நிற்கும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லியிருந்தார். அடர்ந்தது, சாயவில்லை. ஆனால் வெட்டினால் பூ சில வாரம் தள்ளிப்போகும் என்பதை நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செப்டம்பர் 29 அன்று எல்லாம் மொட்டு. அன்று வேலியில் கடைசி பிளாக்பெர்ரிப் பழங்களைப் பறித்துத் தின்றேன். வானத்திலிருந்து விழுந்த பசாசு இந்த முள் புதரில்தான் விழுந்ததாம், மிக்கல்மஸ் கழிந்தால் பழத்தில் எச்சில் துப்பிவிடுமாம்.

அக்டோபர் 10 காலையில் முதல் பூ விரிந்திருந்தது. இங்கிலாந்தில் 1752இல் பழைய காலண்டரை மாற்றியபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை 14 என்று வைத்து, 11 நாளைத் தூக்கிவிட்டார்கள். பழைய திருநாளை விடாதவர்கள் அதை அக்டோபர் 10 அன்று வைத்துக்கொண்டார்கள். திருநாள் இப்படி முன்னால் வந்து பூக்கும் காலத்தோடு ஒட்டிக்கொண்டதால்தான் இந்தச் செடிக்கு மிக்கல்மஸ் டெய்சி என்று பெயரே வந்தது என்பார்கள். என் செடி மட்டும் பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மூன்று பூவைக் கிள்ளி எவர்சில்வர் டம்ளரில் போட்டு அம்மா படத்துக்குக் கீழே வைத்தேன். ஆஞ்செலிகா விதை விட்டுக் காய்ந்து செத்துவிட்டது, அதன் குணமே அதுதான். காலடியில் இப்போதே முளைகள். அடுத்த மே மாதம் டெய்சியில் பாதிச் செடிகளை மட்டும் வெட்டப் போகிறேன்.