மாத்திரையைக் குறைப்பதே வைத்தியமானபோது

சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் வீடுகளில் மாத்திரை தவறக் கூடாது என்பதற்கு மேலான விதி வேறில்லை. கண்டியில் அப்பாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்த காலத்திலிருந்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கி, புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் மாத்திரைகளான டக்ரோலிமஸும் மைக்கோபினோலேட்டும் காலையும் இரவும், பிரெட்னிசலோன் காலையிலும் அவர் கைக்குப் போவதை அம்மா நேர்த்திக்கடன் போலப் பார்த்துக்கொண்டார். அந்த மாத்திரைகளையே வைத்தியர்கள் பின்னர் குறைக்கவும் நிறுத்தவும் சொன்னபோது, அதை வைத்தியம் என்று ஏற்றுக்கொள்ள எங்களுக்கு வெகு நேரம் பிடித்தது.

நாங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்கள். அப்பா சாப்பிட்டு எழும்பிய பிறகு கோப்பையின் இடப்பக்கத்துச் சோறு மட்டும் கறியோடு அப்படியே கிடப்பதை அம்மாதான் முதலில் கவனித்தார். கோப்பையைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவார். அதன் பிறகு இடது தோள் கதவு நிலையில் இடிபடத் தொடங்கியது. சட்டைப் பொத்தானைப் பூட்ட இடது கை ஒத்துழைக்கவில்லை. காய்ச்சலும் இல்லை, தலையிடியும் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சி.ரி. ஸ்கான் எடுத்தபோது முதலில் பக்கவாதமாக இருக்கலாம் என்றே கருதினார்கள். ஆனால், இது எந்த நாளில் தொடங்கியது என்று நரம்பியல் வைத்திய நிபுணர் கேட்டபோது, எங்களால் ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியவில்லை. பக்கவாதம் சட்டென்று வருவது, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டு போவதற்கு வேறு காரணம் தேட வேண்டும் என்று சொல்லி, அவர் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார்.

கொழும்பில் எடுத்த அந்தப் படத்தில் வலப்பக்க மூளையின் பின்பகுதி வெண்பொருளில் திட்டுகள் தெரிந்தன. அவை எந்த இரத்தக் குழாயின் எல்லைக்குள்ளும் அடங்கவில்லை, சுற்றியுள்ள பகுதியை அழுத்தி வீங்கவுமில்லை. மூளையின் வெண்பொருளைப் பல இடங்களில் படிப்படியாகச் சிதைக்கும் பி.எம்.எல். என்ற நோயின் பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். 1958இல் முதன்முதலாக விபரிக்கப்பட்ட இந்த நோய்க்குக் காரணமான ஜே.சி. வைரஸ், 1971இல் ஒரு நோயாளியின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, அவருடைய பெயரின் முதலெழுத்துகளாலேயே அழைக்கப்படுகிறது. வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் உடலில் இது இருக்கிறது; சிறு வயதிலேயே புகுந்து, ஒரு தொந்தரவும் தராமல் சிறுநீரகம் போன்ற இடங்களில் உறங்கிக் கிடக்கிறது. எதிர்ப்புச் சக்தி மிகவும் தளரும்போது, மிகச் சிலரில் மட்டும் அது மூளைக்குள் பெருகி, நரம்பிழைகளின் மயலின் கவசத்தை உருவாக்கும் கலங்களை அழிக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்கள், சில இரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சில மருந்துகளைப் பாவிப்பவர்கள் ஆகியோருக்கே இது பெரும்பாலும் வருகிறது.

அதனால் எச்.ஐ.வி. பரிசோதனையும் தேவைப்பட்டது. ஊருக்குத் தெரிந்தால் என்ன கதைப்பார்களோ என்று அம்மா தயங்கினார். அப்பாவோ, “கிட்னி மாத்தக்குள்ளயும் எடுத்ததுதானே மனே, இன்னொருக்கா எடுக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். தொற்று இல்லை என்று முடிவு வந்தது. அடுத்து முதுகில் ஊசி போட்டு, மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்திருக்கும் நீரான மூளைய முண்ணாண் பாய்பொருளை எடுத்தார்கள். முழங்காலை நெஞ்சோடு மடக்கி, ஒரு பக்கமாகச் சுருண்டு அசையாமல் படுத்திருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பாய்பொருளின் சாதாரண பரிசோதனைகளில் ஒரு குறையும் இல்லை. இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்குமாம். வைரஸைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையும் முதல் தடவை இல்லையென்றே வந்தது. நாங்கள் பெருமூச்சு விட்டோம். வைத்திய நிபுணர் விடவில்லை. வைரஸின் அளவு குறைவாக இருந்தால் தவறிப்போகலாம், படமும் அறிகுறிகளும் பொருந்தும்போது மீண்டும் பார்க்காமல் கைவிட முடியாது என்றார். இரண்டாவது மாதிரியில் வைரஸ் இருந்தது.

ஜே.சி. வைரஸைக் கொல்வதற்கென்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. நோயாளியின் சொந்த எதிர்ப்புச் சக்தியை மீட்டுக் கொடுப்பதுதான் சிகிச்சை; அப்பாவைப் பொறுத்தவரை, அது புதிய சிறுநீரகத்தைக் காத்துவந்த மருந்துகளிலேயே கைவைப்பதாகும். மைக்கோபினோலேட் நிறுத்தப்பட்டது, டக்ரோலிமஸ் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. சிறுநீரகத்தை உடல் நிராகரித்தால் என்ன செய்வது என்று அம்மா கேட்டபோது, சிறுநீரக வைத்திய நிபுணர் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார்: சிறுநீரகம் போனால் டயலிசிஸ் இருக்கிறது, மூளைக்கு அப்படியொரு இயந்திரம் இல்லை. எத்தனையோ ஆறுதல் வார்த்தைகளைவிட, எங்களை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது அந்தப் பதில்தான். அதன் பிறகு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியேற்றினினுக்குக் கிளினிக் கொப்பியில் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணும் எங்கள் வீட்டில் பரீட்சைப் பெறுபேறு ஆயிற்று.

இதற்கிடையில் கனடாவிலும் சுவிஸிலும் உள்ள உறவினர்கள் வட்ஸ்அப்பில் மருந்துப் பெயர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மலேரியா மருந்தான மெஃப்ளோகுயினும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதை முறைப்படி சோதித்துப் பார்த்துப் பலன் காணவில்லை என்று வைத்திய நிபுணர் விளக்கினார். அயலவர்கள் மூளைக்காய்ச்சல் என்று நினைத்து, பிள்ளைகளை எங்கள் வளவுக்குள் விடத் தயங்கினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும், இந்த நோயாளியைக் கவனிப்பதால் வீட்டாருக்கு இந்த மூளை நோய் தொற்றிவிடாது என்பதை வைத்தியர்களே விடுதியில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மருந்து குறைந்த பின்னர், நாங்கள் எதிர்பாராத விதமாக இடது கை மேலும் தளர்ந்தது. விழித்துக்கொண்ட எதிர்ப்புச் சக்தி மூளைக்குள் வைரஸோடு மோதும்போது அழற்சி உண்டாகி, நோயே கூடிவிட்டதுபோல் தோன்றக்கூடுமாம். அதற்காக, எதிர்ப்புச் சக்தியை அடக்கி அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொய்ட் மருந்தைக் கொஞ்சக் காலம் கொடுத்தார்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதா குறைப்பதா என்று நாங்கள் குழம்பியதைப் புரிந்துகொண்ட ஓர் இளம் வைத்தியர், நோயாளர் அட்டையின் பின்பக்கத்தில் படம் கீறி விளக்கினார்.

அடுத்த எம்.ஆர்.ஐ.யில் திட்டுகள் பெருகவில்லை. இடப்பக்கத்தில் போன பார்வை திரும்பி வரவில்லை; அழிந்த பகுதி மீளாது என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கிரியேற்றினின் முன்பைவிட உயர்ந்துதான் நிற்கிறது, ஆனால் ஏறிக்கொண்டு போகவில்லை. இயன்மருத்துவப் பயிற்சியால் அப்பா பொல்லின் உதவியோடு நடக்கிறார், இடப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்து நடக்கப் பழகியிருக்கிறார். சைக்கிளை மட்டும் தம்பியிடம் கொடுத்துவிட்டோம். அதில்தான் அவருக்கு இன்னும் கோபம்.