பெயருக்கும் பட்டா வேண்டும்

நானும் தங்கையும் மசாலாப் பொடித் தொழிலைத் தொடங்கியபோது உரிமம், தராசு, பாக்கெட் அச்சு என்று எல்லாவற்றையும் யோசித்த நாங்கள், பெயர் நம்முடையதுதானே என்று அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம். நான்காம் மாதத்தில், எங்கள் பெயரிலேயே வேறொருவர் இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்துவதை ஒரு வாடிக்கையாளர்தான் சொன்னார்.

ஜிஎஸ்டி பதிவோ சிறுதொழிலுக்கான உத்யம் சான்றிதழோ பெயரின் மீது உரிமை தருவதில்லை என்பது அதன் பிறகே புரிந்தது. அதற்கென இருப்பது 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் (டிரேட்மார்க்) சட்டம். நமக்கான பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது, ஆயினும் விண்ணப்பத்தை இணையத்திலேயே அளிக்கலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் வகுப்பு ஒன்றுக்கு, அதாவது பொருள், சேவைகளைப் பிரித்துள்ள வகை ஒன்றுக்கு, 4,500 ரூபாய். இந்த வகுப்புக் கணக்கில்தான் பலரும் இடறுகிறார்கள்: மொத்தமுள்ள 45 வகுப்புகளில் மசாலாப் பொடி 30ஆம் வகுப்பிலும் ஊறுகாய் 29ஆம் வகுப்பிலும் வருவதால், இரண்டையும் ஒரே அடுப்படியில் செய்தாலும் கட்டணத்தை இரண்டு முறை கட்ட வேண்டும். 'ஈரோடு மஞ்சள்' என்பதுபோல ஊரையும் பொருளையும் மட்டுமே சொல்லும் பெயரைப் பதிவது கடினம். அது 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பெயரும்கூட.

விண்ணப்பம் பதிவகத்தின் வணிகச் சின்ன இதழில் வெளியானபின் எதிர்ப்புத் தெரிவிக்கப் பிறருக்கு 4 மாத அவகாசம் உண்டு. பதிவு கிடைத்தால் 10 ஆண்டுகள் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவாகும் முன்பே, பதிவான பெயர் என்பதைக் காட்டும் வட்டத்துக்குள் 'ஆர்' (®) குறியைப் போட்டுக்கொள்வது குற்றம் என்பதால், அச்சகத்தார் ஆசையோடு போட்டுத் தந்ததை நீக்கச் சொன்னோம்.

இணையதள முகவரியை வடிவமைப்பாளரின் கணக்கில் அல்லாமல் எங்கள் மின்னஞ்சலிலேயே வாங்கிவிட்டோம். அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பற்றிய புகாருக்கு இன்னும் பதில் வரவில்லை.