கண்டாங்கிச் சேலையைப் பற்றிக்கொண்ட குட்டி

போன பங்குனியில் தாயை இழந்த ஒரு குரங்குக் குட்டி ஒன்பது நாள் என் பொறுப்பில் இருந்தது. அந்த ஒன்பது நாளில் யாரைக் கூப்பிட்டேன், எதைத் தப்பாகச் செய்தேன், எப்படி ஒப்படைத்தேன் என்பதையெல்லாம் எழுதிவைக்கிறேன். நம் பக்கத்து ஊர்களில் இது அடிக்கடி நடக்கிறது. குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பாலை ஊற்றிச் சாகடித்துவிட்டு அழுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்குப் பக்கம். பாதி வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. பின்கட்டுக் கொல்லையில் கொய்யாவும் சீத்தாவும் பறிக்க ஆளில்லாமல் பழுக்கின்றன. அதனால் நாட்டுக் குரங்குகளுக்கு எங்கள் ஊர் தாய்வீடு மாதிரி. நான் எலெக்ட்ரீஷியன். அன்றைக்குக் காலை ஊருணிக் கரை டிரான்ஸ்பார்மரில் வெடிச்சத்தம் கேட்டு, தெருவே கரண்ட் இல்லாமல் போனதும் ஓடினேன். மேடைமேல் பெண் குரங்கு ஒன்று விழுந்து கிடந்தது. ஒற்றைக் கம்பியில் நடக்கும் குரங்குக்கு ஒன்றும் ஆகாது. கம்பியைத் தொட்டுக்கொண்டே இரும்புச் சட்டத்தையும் தொட்டால்தான் மின்சாரம் உடம்பு வழியாகப் பூமிக்கு இறங்கும். பதினோராயிரம் வோல்ட். அதன் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது, உயிரோடு.

கூட்டம் கூடிவிட்டது. ஒரு பையன் ஏறப் போனான், இழுத்துப் பிடித்தேன். கரண்ட் போய்விட்டது என்று நம்பி மேலே கை வைக்கக்கூடாது. லைன்மேன் வந்து, டிரான்ஸ்பார்மருக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஏ.பி. ஸ்விட்சை இறக்கி, எர்த் கம்பி மாட்டி, 'சரிண்ணே' என்று சொன்ன பிறகுதான் ஏறினேன். இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் குட்டி 'கூ... கூ...' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. எதிர் வீட்டு ஓட்டுக்கூரையில் கூட்டம் முழுக்க உட்கார்ந்து பதில் கொடுத்தது.

தாயின் ரோமத்திலிருந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. வலது கையை எடுத்தால் கால் பிடிக்கும், காலை எடுத்தால் கை பிடிக்கும். இடது கை மட்டும் பிடிக்கவில்லை. உள்ளங்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையாக ஒரு தீக்காயம். சின்னக் காயம்தானே என்றுதான் அப்போது நினைத்தேன்.

முதல் தப்பு அங்கேயே நடந்தது. பக்கத்து வீட்டில் பசும்பாலைச் சங்கில் கொண்டுவந்துவிட்டார்கள். மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்ட, மூக்கு வழியாகப் பால் வந்தது. நல்லவேளை, அதோடு நிறுத்தினோம். சாயங்காலம் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்: குரங்குக் குட்டியை மல்லாத்திப் பால் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுத்து எதையாவது பற்றியிருக்கிற நிலையில், தலை சற்று நிமிர்ந்திருக்க வேண்டும். தாய் மடியில் அது அப்படித்தானே இருக்கும்! அதற்கும் முன்னால் சூடு. உடம்பு குளிர்ந்திருக்கும்போது பால் செரிக்காது. முதலில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில், அப்புறம் சொட்டுச் சொட்டாக ஓ.ஆர்.எஸ்., அதற்குப் பிறகுதான் பால். பாலும் பசும்பால் இல்லை. அது வயிற்றோட்டத்தில் கொண்டுபோய் விடும். கைக்குழந்தைக்குக் கொடுக்கிற பால்பவுடரைத்தான் கரைக்கச் சொன்னார். ஊசி இல்லாத சிரிஞ்சில், ஒரு தடவைக்கு ஐந்து முதல் எட்டு மில்லி, இரண்டு மணிக்கு ஒருமுறை, ராத்திரியும்.

அன்றைக்கே வனத்துறைக்குப் போன் போட்டேன். இதைத் தள்ளிப் போடவே கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கு அரசாங்கச் சொத்து. எப்படிக் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். நாட்டுக் குரங்கு இப்போது அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகப் பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியலில், இருக்கிறது. ஊரெல்லாம் திரிகிறதே என்று வளர்க்க ஆரம்பித்தால் குற்றம். வனவர் மத்தியானமே வந்தார். தாயை மஞ்சள் துணி போர்த்தி, மாலை போட்டு, சங்கு ஊதிப் புதைக்க ஊரே தயாராக இருந்தது. 'பிரேதப் பரிசோதனை முடியாமல் மண்ணுக்குள் விடக்கூடாது' என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். டாக்டரம்மா பார்த்து முடித்து, நடந்ததைப் பதிவு செய்யும் மகஜரில் நானும் லைன்மேனும் கையெழுத்துப் போட்ட பிறகு, வனவர் முன்னாலேயே அடக்கம் நடந்தது. காத்திருக்க வைத்ததற்காக யாரும் வருத்தப்படவில்லை.

குட்டியைக் கூட்டத்தோடு சேர்த்துவிட முடியுமா என்று அன்றைக்கு அந்தியில் முயன்றோம். பால் கொடுக்கும் வேறொரு பெண் எடுத்துக்கொண்டால் அதைவிட நல்லது இல்லை. மொட்டை மாடியில் கூடையை வைத்துவிட்டுப் படிக்கட்டு மறைவில் உட்கார்ந்தோம். ஒரு இளம் பெண் குரங்கு வந்தது. முகர்ந்தது, எடுத்து வயிற்றோடு அணைத்தது. எனக்கு மூச்சே நின்றுபோனது. அது நாலு அடி தாவியதும் குட்டி கீழே விழுந்தது. மறுபடி எடுத்தது, மறுபடி விழுந்தது. தாய்க்குரங்கு தன் குட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடாது, குட்டிதான் தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு கை போன குட்டியால் அது முடியாது. மூன்றாம் முறை அந்தப் பெண் அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்விட்டது.

காயத்துக்குத் தினமும் மருந்து கட்ட வேண்டும், மீட்பு மையத்தில் இடம் கிடைத்து வண்டி வரும்வரை மருத்துவர் மேற்பார்வையில் என் வீட்டில் இருக்கட்டும் என்று வனவர் எழுதிக்கொடுத்தார். அந்தத் தாள் இல்லாமல் ஒருநாள்கூட வைத்திருக்க வேண்டாம். டாக்டரம்மா மூன்று கண்டிப்புகள் வைத்தார். பெயர் வைக்கக்கூடாது. சளி இருக்கிற யாரும் கிட்டே வரக்கூடாது, தூக்குகிறவர் முகக்கவசம் போட வேண்டும், ஏனென்றால் நம் காசநோயும் சளியும் அதற்குத் தொற்றும். அது கீறினால் சோப்புப் போட்டுக் குழாயடியில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரி. இரண்டாம் நாளே என் மணிக்கட்டில் கீறிவிட்டது. வெறிநாய்க்கடி ஊசியை முதல் நாள், 3, 7, 28 என்று நான்கு தவணையும் போட்டுக்கொண்டேன்.

ராத்திரிகள்தான் கஷ்டமாக இருந்தன. பால் குடிக்கும், சூடாக இருக்கும், ஆனாலும் தூங்காது. கூடையின் பிளாஸ்டிக் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயது. அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். வளவு முற்றம் முழுக்கக் குரங்குக்காகவே கம்பி அடித்திருப்பவர். வடகம் காயவைத்த நாளில் கம்போடு உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் ராத்திரி சத்தம் கேட்டு வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். பெட்டகத்திலிருந்து ஒரு பழைய கண்டாங்கிச் சேலையை எடுத்துவந்தார். துவைத்துத் துவைத்து நூல் பஞ்சாகிவிட்ட அரக்குக் கட்டம்.

"தம்பி, இதைச் சுருட்டி உருளையாக் கட்டு. எம் மகன் சின்னதுல இதைப் பிடிச்சாத்தான் தூங்குவான்."

வெந்நீர் பாட்டிலை நடுவில் வைத்து, இளநீர் பருமனுக்குச் சுருட்டி, நூலால் கட்டினேன். குட்டி வலது கையால் கட்டத்தின் ஓரத்தைப் பிடித்தது. இரண்டு கால்களாலும் உருளையை வளைத்தது. முகத்தை அதில் புதைத்து நாலைந்து தடவை வாயசைத்தது. அப்புறம் தோள் தளர்ந்து தூங்கிப்போனது. நாங்கள் இருவரும் பேச்சில்லாமல் பட்டாலையில் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் சொன்னதும் டாக்டரம்மா ஹார்லோ என்ற அமெரிக்க விஞ்ஞானியைப் பற்றிச் சொன்னார். 1950களில் அவர் தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். பால் புட்டி மாட்டிய கம்பித் தாய் ஒன்று, பால் இல்லாத துணித் தாய் ஒன்று. குட்டிகள் பாலுக்கு மட்டும் கம்பியிடம் போய்விட்டு, மற்ற நேரமெல்லாம் துணியிடமே கிடந்தன. அப்படிப் பிரித்து வைத்தது எனக்குக் கொடுமையாகத்தான் படுகிறது. ஆனால் அந்தக் குட்டிகள் சொன்னதை ஆச்சி எந்தச் சோதனையும் இல்லாமல் தெரிந்து வைத்திருந்தார்.

சிம்பன்சி சரணாலயங்களைப் பற்றியும் டாக்டரம்மாதான் சொன்னார். உகாண்டாவில் விக்டோரியா ஏரிக்குள் ங்காம்பா என்றொரு தீவு. 1998 முதல் அங்கே, கடத்தல்காரர்களிடமிருந்து மீட்ட சிம்பன்சிகள் வாழ்கின்றன. பகலெல்லாம் தீவின் காட்டில் அலைந்துவிட்டு, அந்தியில் திரும்பி வந்து ஊஞ்சல் படுக்கையில் தூங்குகின்றன. சிம்பன்சிக் குட்டி ஒன்றைப் பிடிக்கத் தாயைக் கொல்வார்கள், காப்பாற்ற வந்த மற்றவற்றையும் சேர்த்தே கொல்வார்கள். அந்தக் குட்டி நாலைந்து வருஷம் தாய்ப்பாலில் வளர வேண்டியது. அதனால் வருகிற அனாதைக் குட்டிகளை ஆட்கள் இரவும் பகலும் மார்பிலேயே சுமந்து, கொஞ்சம் கொஞ்சமாக மற்ற சிம்பன்சிகளோடு பழக்குவார்களாம். பெரும்பாலானவை காட்டுக்குத் திரும்ப முடிவதில்லை. "உங்க குட்டிக்கு ஒரு வருஷத்துல பால் மறந்துரும். அதுக்கு வழி இருக்கு. மனுஷனைத் தாய்னு நினைக்கிறதுக்கு முன்னாடி அனுப்பிடணும்" என்றார். அதற்குப் பிறகு பால் கொடுக்கும்போது நான் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காயம் தன் முகத்தைக் காட்டியது. மின்சாரம் வெளியே சின்னதாகச் சுட்டுவிட்டு உள்ளே சதையை வேகவைத்துவிடும். இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் கறுத்துப் போயிருந்தன. டாக்டரம்மா மயக்கம் கொடுத்து எடுத்தார். மூன்று விரல் மிஞ்சியது. மூன்று போதும், பிடிக்க முடியும் என்றார். என் மகள் ஒரு நாற்பது பக்க நோட்டில் நேரம், பால், எடை எல்லாம் எழுதிவந்தாள். முதல் நாள் 410 கிராம், ஐந்தாம் நாள் 395, ஒன்பதாம் நாள் 440.

ஒன்பதாம் நாள் வண்டி வந்தது. இடம் இல்லை, டிரைவர் இல்லை என்று இரண்டு முறை தள்ளிப்போன பிறகுதான் வந்தது. தினமும் காலையில் நான் போன் செய்துகொண்டே இருந்தேன். கோபப்படாமல் விடாமல் கேட்பதுதான் ஒரே வழி. ஒப்படைப்புத் தாளில் கண்டெடுத்த இடம், நேரம், கொடுத்த மருந்து, காயத்தின் படம் எல்லாவற்றையும் சேர்த்தோம். மகளின் நோட்டை வனவர் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டார். காற்றோட்டமுள்ள பெட்டியில் சேலை உருளையோடு குட்டியை வைத்தோம்.

மகள் ரொம்ப அழுதாள். நாமே வளர்த்தால் என்ன என்று கேட்டாள். 2024-ல் நடந்ததைச் சொன்னேன். நாய் கடித்த குரங்குக் குட்டிக்குச் சிகிச்சை செய்து வைத்திருந்த ஒரு கால்நடை மருத்துவர், அது வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டதும், தன்னிடமே தரச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கோர்ட் மறுத்துவிட்டது. மருத்துவருக்கே அப்படி. அவளிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு வீட்டில் ஆசையாக வளர்த்த குரங்கு, பெரிதானதும் கடிக்கிறதென்று கட்டிப்போட்டார்கள். இடுப்புக் கயிற்றை யாரும் தளர்த்தவில்லை. கயிற்றைச் சுற்றிச் சதை வளர்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

அப்புறம் நானும் லைன்மேனும் டிரான்ஸ்பார்மருக்கு மனுக் கொடுத்தோம். ஊர்க்காரர்கள் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கினோம். இரண்டு மாதத்தில் அந்த ஒரு டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் கம்பிமேல் உறையும், கம்பி சேருகிற பீங்கான் முனைகளுக்கு (புஷ்ஷிங்) மூடியும் வந்தன. மாரியம்மன் கோயில் பக்கம் இன்னொன்று பாக்கி. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆடி மாதம் மையத்துக்குப் போக அனுமதி கிடைத்தது. முகக்கவசம் போட்டு, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, ஓலைத் தட்டிக்குப் பின்னால் நிற்க வேண்டும். கூப்பிடக்கூடாது. பராமரிப்பவர் காலைத் தீனியை அப்போதுதான் வைத்தார். ஊறவைத்த கொண்டைக்கடலையையும் நறுக்கிய காய்களையும் தட்டில் வைக்காமல் வைக்கோலுக்குள் தூவினார். காட்டில் பாதிப் பகல் தேடித்தானே தின்னும், தேட வேலை இல்லாவிட்டால் தன் ரோமத்தையே பிய்த்துக்கொள்ளும் என்றார். குரங்காட்டியிடமிருந்து மீட்ட ஒரு கிழட்டுப் பெண் குரங்கு மூலையில் உட்கார்ந்திருந்தது. முதலில் ஒரு வாரம் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டையும் முகர விட்டார்களாம். எட்டாம் நாள் அதுவே கையை நீட்டி இழுத்துக்கொண்டதாம்.

அதன் வயிற்றிலிருந்து மூன்று விரலுள்ள ஒரு கை வெளியே வந்து வைக்கோலைக் கிளறியது. ஒரு கடலையை எடுத்தது, கன்னப் பையில் அடக்கியது, திரும்ப ரோமத்தைப் பிடித்துக்கொண்டது. கிழவி எழுந்து உயரப் பலகைக்குத் தாவியது. குட்டி விழவில்லை.

எடை கேட்டேன். 980 கிராம். மகள் நோட்டில் 440-க்குக் கீழே அதை எழுதினாள்.

ஊருக்கு வந்ததும் ஆச்சி முகப்பிலேயே காத்திருந்தார்.

"சேலை என்னாச்சு?"

"கிழிச்சுப் போட்டுருச்சாம் ஆச்சி. இப்ப அதுக்குத் தேவைப்படலை."

"அங்க வேற குட்டி வரும்ல? இன்னும் ரெண்டு கிடக்கு, எடுத்துட்டுப் போ" என்று சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.