மைனஸ் ஒன்றை அடிப்பதற்கு முன்னால்

வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஃபிசிக்ஸ் டியூஷன். இரண்டாவது பாடம், இயக்கவியல், வந்தாலே வருஷா வருஷம் இதே பஞ்சாயத்துதான்: "மேல போனா மைனஸ் ஜி, கீழ வந்தா பிளஸ் ஜி, கரெக்டாக்கா?" இதை யார் கிளப்பிவிட்டார்களோ! ஜி என்பது பூமியின் இழுப்பால் வரும் முடுக்கம், அவ்வளவுதான்.

பந்து ஏறும்போதும் பூமி அதைக் கீழேதான் இழுக்கிறது, இறங்கும்போதும் கீழேதான். அப்புறம் எதற்கு நடுவில் குறியை மாற்ற வேண்டும்? உச்சியில் திசைவேகம் பூஜ்ஜியம், சரி. முடுக்கமும் பூஜ்ஜியம் என்று எழுதினால், பந்து அங்கேயே அந்தரத்தில் நிற்க வேண்டியதுதான்.

15 மீட்டர் உயர மாடி. அதாவது நம் ஹவுசிங் போர்டு ஐந்து மாடி பிளாக் மாதிரி. அதன் விளிம்பிலிருந்து பந்தை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேராக மேலே எறிகிறோம். தரையைத் தொட எவ்வளவு நேரம்? ஜி-க்கு 10 போட்டுக்கொள்ளலாம்.

பையன்கள் உடனே இரண்டாக உடைப்பார்கள். ஏற 1 வினாடி, 5 மீட்டர், அங்கிருந்து 20 மீட்டர் இறங்க 2 வினாடி, மொத்தம் 3. தப்பில்லை, ஆனால் சுற்றுவழி. எறிந்த இடம் பூஜ்ஜியம், மேல்பக்கம் பிளஸ் என்று ஒருமுறை முடிவு பண்ணிவிட்டால் இடப்பெயர்ச்சி −15, முடுக்கம் −10. பந்து எவ்வளவு தூரம் சுற்றியது என்ற கவலையே வேண்டாம். s = ut + ½at² சமன்பாட்டில் இவற்றைப் போட்டால் −15 = 10t − 5t². சுருக்கினால் t² − 2t − 3 = 0. விடை 3, இல்லை −1.

"டைம் மைனஸ்ல வராதுல்ல, அடிச்சிரவாக்கா?"

இரு, அடிக்காதே. பந்தைக் கையிலிருந்து விட்ட நேரம்தான் நம் பூஜ்ஜியம். அதற்கு 1 வினாடி முன்னால் கீழே தெருவிலிருந்து ஒருத்தன் இதே பந்தை 20 வேகத்தில் மேலே எறிந்தான் என்று வை. 1 வினாடியில் 15 மீட்டர் ஏறி, நம் மாடி விளிம்பைத் தாண்டும்போது அதன் வேகம் சரியாக 10. நாம் எறிந்த அதே பந்து! சமன்பாட்டுக்கு மாடியில் நிற்கிற ஆளைத் தெரியாது. அந்தப் பாதை தரையைத் தொடும் இரண்டு நேரத்தையும் சொல்லிவிடுகிறது. நமக்கு வேண்டியது 3.

பின்வரிசைப் பையன் ஒருத்தன் நோட்டில் 3 வினாடி முடிவில் வேகம் என்ன என்று 10 − 30 போட்டுப் பார்த்துவிட்டு, "தரையில விழும்போதும் அதே 20தான் வருதுக்கா, மைனஸ்ல" என்றான். காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காதவரை அப்படித்தான் வரும்.