பொட்டு என்ன இனம்? கருத்தடை செய்யலாமா?

ஜனவரி 3

நெதர்லாந்து குள்ளம் என்ற சிறிய முயல் இனம் என்று சொல்லித்தான் பொட்டு கைமாறினாள். தராசு வேறு கதை சொல்கிறது. வயது ஏறத்தாழ ஆறு மாதம், எடை 2.08 கிலோ. வெறும் கூடையை ஒருமுறை நிறுத்து, முயலோடு ஒருமுறை நிறுத்துக் கழித்த கணக்கு. கையில் பிடித்துக்கொண்டு நிறுத்தால் துள்ளலில் எடை முன்பின்னாகும்.

காது 9.2 செ.மீ. துணி அளவுநாடாவை மண்டையோடு ஒட்டி வைத்து, இழுக்காமல் நுனிவரை அளந்தது. அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் அளவுகோலில் நெதர்லாந்து குள்ளத்தின் உச்ச எடை 1.13 கிலோ, காது 6 செ.மீ.-ஐ ஒட்டி. முகம் உருண்டையாக, கழுத்தே இல்லாததுபோல் தோளில் உட்கார்ந்திருக்கும். பொட்டுவுக்கு முகமும் நீளம், காதும் நீளம்.

கொடுத்தவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று சொல்லிவிடவும் முடியாது. குள்ள மரபணு ஒரு பிரதி இருந்தால்தான் குள்ளம். இரண்டு பிரதி சேர்ந்த குட்டி பிறந்த சில நாளில் செத்துவிடும். ஒன்றுமே கிடைக்காத குட்டி நீளக் காதோடு, கொஞ்சம் பெரிதாக வளரும். மூன்றும் ஒரே ஈற்றில் வரலாம். ஆனால் பெரும்பாலும் அந்த மூன்றாம் வகையும் 2 கிலோவைத் தொடாது.

பெண்தானா என்பதையும் இன்றே பார்த்தாயிற்று. பின்பாகத்தைத் தாங்கி மார்போடு சாய்த்து, பிறப்புறுப்பின் இரு பக்கமும் விரலால் லேசாக அழுத்தினால், ஆணுக்கு உருண்டையான குழாய் நுனி வெளியே வரும், பெண்ணுக்கு நீளவாக்கில் பிளவு தெரியும். இது பிளவு. மல்லாக்கப் போட்டதும் முயல் அசையாமல் கிடக்கும். சுகம் என்று நினைத்துவிடக் கூடாது, அது பயத்தில் உறைந்த நிலை. பத்து விநாடிக்குள் முடித்துவிட வேண்டும்.

ஜனவரி 4

ரோமம். வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவிவிட்டதும் சட்டென்று பழைய இடத்துக்குப் படிந்தது. ரெக்ஸ் இனம் என்றால் வெல்வெட் போலக் குத்திட்டு நிற்கும், மீசையும் சுருண்டிருக்கும். அது இல்லை. கழுத்தில் பிடரி மயிர் இல்லை, ஆகவே லயன்ஹெட் இனமும் இல்லை. காது நிமிர்ந்தே இருப்பதால், காது தொங்கும் லாப் வகைகளும் கழிந்தன. கறுப்பு ரோமத்தை ஊதிப் பார்த்தால் வளையம் வளையமாக நிறம் மாறவில்லை, அடிவரை ஒரே கறுப்பு.

ஜனவரி 8

இப்போது மிஞ்சியது டச்சு இனம். நெற்றியில் வெள்ளை, மூக்கைச் சுற்றி வெள்ளை, முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு. படத்தில் பார்த்தால் யாரும் டச்சு என்றுதான் சொல்வார்கள். எடையும் பொருந்துகிறது (1.6 முதல் 2.5 கிலோ). கிட்டப் போய்ப் பார்த்தால்தான் இடிக்கிறது.

டச்சு முயலில் முதுகில் கறுப்பு தொடங்கும் கோடு, நாடா கட்டியதுபோல் உடம்பைச் சுற்றி நேராகப் போகவேண்டும். பின்னங்கால் இரண்டிலும் பாதம் வெள்ளையாக, ஒரே உயரத்தில் முடியவேண்டும். பொட்டுவின் கோடு இடப் பக்கம் மூன்று விரல் கீழே இறங்கியிருக்கிறது. வலது பின்பாதம் முழுக் கறுப்பு. கோடு கோணலாவது சுத்த டச்சு ஈற்றிலும் நடக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

கண் சொல்லிவிட்டது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்ததில் பழுப்புக் கருவிழியில், இடக்கண்ணின் கீழ் விளிம்பில், அரிசி முனையளவு நீலம். வியன்னா மரபணு ஒரு பிரதி இருந்தால் இப்படி நீலத் தெறிப்பும், டச்சு மாதிரியே ஏமாற்றும் வெள்ளைத் திட்டும் வரும். இரண்டு பிரதி என்றால் முழு வெள்ளை, நீலக் கண்.

முடிவு: கலப்பினம், வியன்னா மரபணு உண்டு, டச்சு ரத்தமும் இருக்கலாம். வளர்ந்த எடை 2.3 கிலோ அளவில் நிற்கும். வம்சாவளித் தாள் இல்லாத முயலுக்கு இதற்குமேல் இனம் சொல்வது ஜோசியம்.

ஜனவரி 12

மார்பு ரோமத்தைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி, காய்ந்த புல்லோடு சேர்த்து மூலையில் கூடு கட்டியிருக்கிறாள். கையை நீட்டினால் உறுமல், முன்காலால் ஓர் அடி. ஆண் முயல் வாடையே படாதவள், ஆகவே இது பொய்ச்சினை. இணை சேர்ந்தால்தான் முயலுக்குக் கருமுட்டை வெளிவரும். இன்னொரு பெண் ஏறினாலும், சில நேரம் நாம் முதுகைத் தடவினாலும் அந்தத் தூண்டல் கிடைத்துவிடும். பிறகு 16 முதல் 18 நாள் உடம்பு சினை என்றே நம்பும். கடைசி நாட்களில்தான் கூடு.

கூட்டைக் கலைக்கவில்லை. கலைத்தால் இன்னும் ரோமம் பிடுங்குவாள். இந்த நேரத்தில் அறுவையும் கூடாது: கருப்பைக்கு ரத்த ஓட்டம் கூடியிருக்கும், மடி பால் கட்டியிருக்கும். மூன்று, நான்கு வாரம் தள்ளிப்போடுவது நல்லது.

ஜனவரி 19

கருத்தடைக் கணக்கு.

செய்யாவிட்டால்: பெண் முயலின் பெரிய எதிரி கருப்பைப் புற்று. டச்சு, ஹவானா, டான் போன்ற இனங்களில் மூன்று, நான்கு வயது தாண்டிய பெண்களுக்கு 50 முதல் 80 சதவீதம் வரை வரும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த முயல் கூட்டங்களில் எடுத்த கணக்கு அது, எல்லா வீட்டு முயலுக்கும் அப்படியே ஒட்டாது. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் சின்ன எண் இல்லை. மெதுவாக வளர்ந்து நுரையீரலுக்குப் பரவும் நோய் அது. கருப்பையில் சீழ், மடிக் கட்டி எல்லாம் இதற்கு மேல்.

செய்தால்: மயக்க மருந்து. பிரிட்டனில் எடுத்து 2008-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், மயக்கம் கொடுத்த முயல்களில் இறந்தவை 1.39 சதவீதம். ஆரோக்கியமானவற்றை மட்டும் எடுத்தால் 0.73. நாய்க்கு 0.17, பூனைக்கு 0.24. நாயைவிடப் பல மடங்கு என்பது உண்மைதான், அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முயலுக்கே பழகிய கையில் இளம் முயலைக் கொடுத்தால் தராசு அறுவைப் பக்கம்தான் சாய்கிறது.

இனம் தெரிந்ததால் என்ன லாபம்? முடிவு மாறவில்லை, நேரம்தான் தெளிவானது. சிறிய வகைகள் நான்கைந்து மாதத்தில் பருவத்துக்கு வரும், பெரிய வகைகளுக்கு எட்டு, ஒன்பது மாதம்கூட ஆகும். பொட்டு பருவத்துக்கு வந்துவிட்டாள் என்று அவளே கூடு கட்டிச் சொல்லிவிட்டாள். இன்னும் தள்ளினால் கருப்பையைத் தாங்கும் சவ்வில் கொழுப்பு ஏறிவிடும், ரத்தக்குழாயைத் தேடிக் கட்டுவது கடினமாகும். நீள முகம் என்பதும் நல்லதே. மூச்சுக்குழாயில் குழாய் செலுத்த, சப்பை முகக் குள்ளங்களைவிட இடம் அதிகம்.

ஜனவரி 23

தட்டில் செங்கல் நிறத்தில் சிறுநீர். பெண் முயலுக்கு மாதவிடாய் கிடையாது, ஆகவே ரத்தம் என்றால் கருப்பையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் தீவனத்தின் நிறமிகளாலும் சிறுநீர் இப்படிச் சிவக்கும். கண்ணால் பிரிக்க முடியாது. சோதனைப் பட்டையை நனைத்ததில் ரத்தக் கட்டம் மஞ்சளாகவே நின்றது. நிறமிதான். ரத்தமாயிருந்தால் பெரும்பாலும் சீராகக் கலக்காமல் திட்டுத் திட்டாக, சிறுநீரின் கடைசியில் வரும்.

பிப்ரவரி 1

மருத்துவரிடம் கேட்டவை. மாதத்துக்கு எத்தனை பெண் முயலுக்குச் செய்கிறீர்கள்? நாய், பூனை எண்ணிக்கை இங்கே உதவாது. முந்தின இரவு பட்டினி போட வேண்டுமா? இதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால் வேறு மருத்துவரைப் பார்ப்பதே உத்தமம். முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது, குடல் காலியானால் நின்றுவிடும். மயக்கம் கொடுக்கும் முன் வாயில் புல் ஒட்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். வலி மருந்து எத்தனை நாள்? மெலாக்சிகாம் முயலுக்குப் பூனையைவிடக் கூடுதல் அளவில் தேவைப்படும், பூனை அளவைக் கொடுத்தால் வலி அடங்காது. வாய்வழி அமாக்சிசிலின், பென்சிலின் எழுதமாட்டீர்கள்தானே? குடல் கிருமிகளைப் புரட்டிப்போட்டு உயிரையே எடுத்துவிடும்.

தையலைப் பற்றிய கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. தோலுக்கு அடியில் மறைத்துப் போட்டால் கடிக்க நூல் கிடைக்காது. காயத்தைக் கடிக்காதிருக்கக் கழுத்துக் கூம்பு மாட்டினால், முயல் மறுபடி தின்னும் மென்புழுக்கையைக் குதத்திலிருந்து எடுத்துத் தின்ன முடியாமல் போகும்.

பிப்ரவரி 10

அறுவை. கூடவே அவள் தின்னும் அதே புல்லும் இலையும் ஒரு பையில் போயின. விழித்ததும் பழகிய வாசனை இருந்தால் சீக்கிரம் வாய் வைப்பாள். முயலுக்குக் கருப்பைக் கொம்பு இரண்டு, கருப்பை வாயும் இரண்டு. சினைப்பையோடு மொத்தமாக எடுத்தாயிற்று. திரும்பி வந்தபோது உடல்வெப்பம் 38.4. முயலுக்கு 38.5-க்குக் கீழே போனாலே வெதுவெதுப்பு வேண்டும். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி ஒரு பக்கம் மட்டும், சூடு போதுமென்றால் அவளே நகர்ந்துகொள்ள இடம் விட்டு. தரையில் துண்டு மட்டும், மரத்தூள் வேண்டாம்.

மாலை 7:40-க்கு முதல் கொத்தமல்லித் தண்டு. 9:15-க்குப் புழுக்கை, எண்ணி ஆறு, சிறியவை.

பிப்ரவரி 11

காலை வரை புழுக்கை 40-க்கு மேல். இன்னும் மிளகளவுதான், நேற்றைய குறைந்த தீனியின் கணக்கு. தீனியோ புழுக்கையோ 12 மணி நேரம் நின்றிருந்தால் அது அவசரம். குடலில் அடைப்பு இல்லை என்று பார்த்தபிறகு, குழைத்த புல்மாவைக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி., ஊசியில்லாச் சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். இங்கே தேவைப்படவில்லை.

பற்களை நறநறவென்று கடித்து, கண்ணைப் பாதி மூடி, வயிற்றைத் தரையில் அழுத்தி உட்கார்ந்தால் வலி. பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை அப்படி. மருந்து கொடுத்த முக்கால் மணியில் புல்லுக்குப் போனாள்.

பிப்ரவரி 14

காயத்தைச் சுற்றி லேசான தடிப்பு. ஈரமோ வாடையோ இல்லை. காலையும் மாலையும் பார்வை. துள்ளல் கூடிவிட்டதால் ஏறிக் குதிக்கும் பெட்டி அப்புறப்படுத்தப்பட்டது.

பிப்ரவரி 22

காயம் ஆறிவிட்டது, வெட்டிய இடத்தில் கறுப்பு ரோமம் துளிர்க்கிறது. எடை 2.16 கிலோ. கருத்தடைக்குப் பிறகு சதை சீக்கிரம் போடும் என்பதால் குருணைத் தீவனம் இன்று முதல் 50 கிராமிலிருந்து 40. புல் எப்போதும்போல் வரம்பின்றி. உறுமல் இன்னும் நிற்கவில்லை, ஹார்மோன் வடிய சில வாரம் பிடிக்கும். கூடு கட்டிய மூலையில் இன்று புல்லைத் தின்றுகொண்டு படுத்திருக்கிறாள்.