வேணாம்னு அவரு சொன்னப்பறமும்

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போறதில்ல. என்னை உறுத்துறது டிஸ்சார்ஜ் ஆகி வந்தப்பறம் சார் கேட்டதுதான். "நான்தான் வேணாம்னேன்ல, அப்பறம் ஏம்ப்பா ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட?"

வாய் ஒரு பக்கம் இழுக்குறது, தூக்குன கை தானா இறங்குறது, பேச்சு குழறுறது, இதெல்லாம் ஸ்ட்ரோக்கோட, அதாவது பக்கவாதத்தோட அறிகுறி, இதுல ஒண்ணு இருந்தாலே ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்னு முதலுதவி ட்ரெயினிங்ல சொல்லிருக்காங்க. அவருக்கு மூணும் இருந்துச்சு. ஆனா நான் போனை எடுக்குறதுக்குள்ள தெளிஞ்சு உக்காந்துட்டாரு, தூக்கம் பத்தலப்பா, வண்டியெல்லாம் வரவெச்சு மானத்த வாங்காதன்னாரு, மேனேஜரும் வேணும்னா என் கார்லயே போயிரலாம்னாரு. நான் காரிடாருக்குப் போய் கூப்பிட்டேன். உள்ள ஒரே சத்தம், அதான் வெளிய போனேன்னு சொல்லிக்கிறேன், அது பாதிதான் உண்மை.

போன்ல முதல்ல அட்ரஸ், எந்த மாடின்னு கேட்டாங்க, லைன் கட் ஆனாலும் வண்டி வந்து சேரணும்ல. அப்பறம் நினைவிருக்கா, மூச்சு சரியா இருக்கான்னாங்க. அடுத்து, கடைசியா அவரு நல்லா இருந்ததை எப்பப் பாத்தீங்க? மூளைல அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு பொதுவா நாலரை மணி நேரம்தான் கணக்கு, அது நாம கவனிச்ச நேரத்துலேர்ந்து இல்ல, கடைசியா நல்லா இருந்த நேரத்துலேர்ந்து ஓடும். 11 மணி மீட்டிங்ல நல்லா பேசிட்டிருந்தாருன்னேன். தண்ணிகூட குடுக்காதீங்க, நீங்களா போனை வைக்காதீங்கன்னாங்க. கார்ல போற வழியில மறுபடி இழுத்திருந்தா மேனேஜர் ரோட்டைப் பாப்பாரா அவரைப் பாப்பாரா?

ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. அதை வெச்சுத்தான் சார் கேக்குறாரு. தானா விலகிப்போற அடைப்பு ஸ்கேன்ல தெரியாமலே போகலாம், பெரிய ஸ்ட்ரோக் வர்ற ஆபத்தும் அதுக்கடுத்த ரெண்டு நாள்லதான் ஜாஸ்தி, டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்ததும் அதுக்குத்தானேன்னு எனக்கு வாய் வரைக்கும் வரும். ஆனா நினைவோட இருக்குற மனுஷன் வேணாம்னா அது அவரு உடம்பு இல்லையா? கூப்பிடுறது நம்ம வேலை, ஏறுறதும் ஏறாததும் வந்தவங்ககிட்ட அவரே சொல்லிக்கலாம்னு ஒரு சமாதானம் வெச்சிருக்கேன். மொத்த ஃப்ளோரும் எந்திரிச்சு நின்னு பாக்கும்போது, ஸ்ட்ரெச்சர் முன்னாடி யாரால மாட்டேன்னு சொல்ல முடியும்?

போன வாரம் புதுசா சேந்த பையன் கேட்டான், ஆளே வேணாம்னு சொன்னா என்னண்ணே பண்றது? கூப்பிடுடான்னேன், யோசிக்கவே இல்ல. பக்கத்து சீட்லேர்ந்து சார், "கூப்பிடு, ஆனா அவன் மூஞ்சிய பாத்து சொல்லிட்டுக் கூப்பிடு"ன்னாரு. சொல்லிருந்தா போனைப் பிடுங்கிருப்பீங்க சார்னேன். பிடுங்கிருப்பேன்தான்னாரு.