சித்திரை விசு நாளில் பட்டாளத்துக்காரர்களின் ஊரில்

கல்குளம் வட்டத்தில் இருக்கும் நண்பரின் ஊரில், வாசகசாலை ஆண்டுவிழாவைச் சித்திரை முதல் நாளில் நடத்துவது வழக்கம். இந்த ஆண்டு அதே மேடையில் ஊரின் முன்னாள் படைவீரர்களுக்கு மரியாதை செய்யப் போகிறார்கள் என்று அவர் சொன்னதும், ஒரு நாள் முன்னதாகவே நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டேன்.

முதலில் புலியூர்க்குறிச்சியில் இறங்கி உதயகிரிக் கோட்டைக்குள் நடந்தேன். 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சியளித்து, 1777-இல் இறந்து, இந்தக் கோட்டைக்குள்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருடைய கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. மாலையில் குளச்சல் வெற்றித் தூணின் முன் நின்றபோது, மன்னரையும் தளபதியையும் பெயர் சொல்லி நினைக்கும் நமக்கு, அன்று அந்தக் கரையில் நின்று போரிட்ட உள்ளூர் ஆட்களில் பெரும்பாலானோரின் பெயர்கூடத் தெரியாதே என்ற வருத்தம் எழுந்தது. திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்த பிரிவு இன்றும் மதராஸ் ரெஜிமெண்டின் 9-ஆம் பட்டாலியனாக இருக்கிறது.

மறுநாள் அதிகாலையில் கொன்றைப்பூ, வெள்ளரிக்காய், சக்கை எனப்படும் பலா, கண்ணாடி ஆகியவை வைத்த கனியை, அதாவது விசு நாளில் விழித்ததும் முதலில் பார்க்கும் மங்கலப் பொருள்களைக் கண்டேன். நண்பரின் தாயார் எனக்கும் கைநீட்டம், அதாவது பெரியவர்கள் அன்று தரும் காசு, தந்தார்.

விழா மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது. முன்னாள் படைவீரர்களை ஊரார் பட்டாளத்துக்காரர்கள் என்றே அழைக்கிறார்கள். பதினொரு பேர் மேடையில் இருந்தனர். அவர்களைப் பதவி வரிசைப்படி அழைக்காமல், படையில் சேர்ந்த ஆண்டின் வரிசைப்படி அழைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால் வண்டி பழுதுபார்த்தவரும் சமையற்கூடத்தில் இருந்தவரும் சுபேதாராக ஓய்வுபெற்றவருக்கு முன்பாகவே பொன்னாடை பெற்றார்கள். வாசகசாலைச் செயலாளர் ஒவ்வொருவரின் பெயரையும், தந்தை பெயரையும், வீட்டுப் பெயரையும், சேர்ந்த ஆண்டையும் ஒரு பேரேட்டிலிருந்து நிறுத்தி நிதானமாக வாசித்தார். அவர்களுடைய மனைவியரையும் மேடைக்கு அழைத்தார்கள். கணவர் எல்லையில் இருந்த ஆண்டுகளில் ரப்பர் வெட்டியும் மாடு வளர்த்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் அவர்கள்.

பேச அழைத்தபோது பலர் இரண்டு வாக்கியங்களில் முடித்துக்கொண்டனர். ஒருவர் மட்டும் இமயமலையில் உள்ள சியாச்சின் பனியாற்றைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசினார். 1984 ஏப்ரல் 13 அன்று, சியாச்சினைக் கைப்பற்ற இந்தியப் படை மேற்கொண்ட 'மேக்தூத்' நடவடிக்கை தொடங்கிச் சில ஆண்டுகள் கழிந்த பின் அவர் அங்கே அனுப்பப்பட்டவர். கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்றும், துப்பாக்கி உறையாமலிருக்க அதை மண்ணெண்ணெய் அடுப்பருகே சூடேற்றுவார்கள் என்றும் சொன்னார். பிறகு முன்வரிசைச் சிறுவர்களைப் பார்த்து, "மக்களே, அங்க ஒரு வாய் தண்ணி குடிக்கணும்னாலும் பனியை உருக்கணும், நான் அப்போ நினைச்சது நம்ம ஊருக் குளத்தைத்தான்" என்றார். குளங்களும் கால்வாய்களும் நிறைந்த இம்மண்ணில் வளர்ந்தவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பாக இருந்திருக்கும் என்பதை அந்தச் சிறுவர்களின் அமைதியில் உணர்ந்தேன்.

நன்றியுரைக்கு முன், அனைவரிலும் மூத்தவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். 1971 போரில் பங்கேற்றவர் அவர். தன்னோடு ஒரே நாளில் படையில் சேர்ந்து, அந்தப் போரிலிருந்து திரும்பாத ஒருவரின் பெயர் பேரேட்டில் இல்லை என்றார். அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதாம். செயலாளர் மேசைக்குத் திரும்பி, பேரேட்டை விரித்து, பேனாவை எடுத்தார். பெரியவர் முதலில் பெயரைச் சொன்னார், பிறகு தந்தை பெயரை, பிறகு குளத்தின் வடகரையில் இப்போது இல்லாத அந்த வீட்டின் பெயரை. எழுதி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை. ஊராரும் எழுந்து நின்றிருந்தோம்.